கையெழுத்துக்குப் பின் வரும் கூடுதல் சம்பளம்

ஜும்ஆ உரை – ஜீயபுரம்

 



சென்ற வாரம் ஸுப்ஹு தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி பள்ளியின் தூண் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். அருகில் போய் விசாரித்தேன். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

பொறியியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் வேலை தேடிய பிள்ளை. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலையில் சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து இன்னொரு கம்பெனி கூப்பிடுகிறது. இங்கே கொடுப்பதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அத்தாவுக்கு உடம்பு முன்பு போல் இல்லை.

"கூட்டாளிங்க எல்லாம் சேர வேணாம், போன் வந்தா எடுக்காம விட்டுடுன்னு சொல்றாங்க ஹஜ்ரத். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்களாம். ஆனா மனசு ஒப்பல. இது ஹராமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, அந்தக் கம்பெனிக்காரர் நாளைக்கு உனக்குப் போன் பண்ணி, உன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு பையன் கிடைத்துவிட்டான், நீ வரவேண்டாம் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அநியாயம்னுதான் சொல்வேன் ஹஜ்ரத்" என்றார்.

அன்பான சகோதரர்களே, பாதிப் பதில் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. மீதிப் பாதியை இன்று பார்ப்போம். இது அந்த ஒரு பிள்ளையின் பிரச்சினை அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் திருச்சியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் ரியாத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு அல்லாஹ்விடம் என்ன மதிப்பு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூற்ற நூலைப் பிரித்த பெண்

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே, ஈமான் கொண்டவர்களை அழைத்து, செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி கட்டளையிட்டுத்தான் தொடங்குகிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 34-ஆம் வசனத்தில், கொடுத்த வாக்கைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். இவை நாம் அடிக்கடி கேட்ட வசனங்கள்.

ஆனால் நம்முடைய இந்த விஷயத்துக்கென்றே இறங்கியது போல ஒரு வசனம் இருக்கிறது. அந்நஹ்ல் அத்தியாயம், 92-ஆம் வசனம். கஷ்டப்பட்டு உறுதியாக நூல் நூற்றுவிட்டு, பிறகு அதைத் தன் கையாலேயே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல ஆகிவிடாதீர்கள் என்கிறான் அல்லாஹ். எதற்காகப் பிரிக்கிறார்கள் என்பதையும் அதே வசனத்தில் சொல்கிறான். ஒரு கூட்டத்தைவிட இன்னொரு கூட்டம் எண்ணிக்கையிலும் செல்வத்திலும் மேலாக இருக்கிறது என்பதற்காக, செய்த சத்தியத்தைப் பித்தலாட்டமாக ஆக்கிக்கொள்கிறார்களாம்.

இதன் பின்னணியைத் தாபியீன்களில் பெரிய முஃபஸ்ஸிரான இமாம் முஜாஹித் (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அன்றைய அரபுகள் ஒரு கோத்திரத்தாரோடு உடன்படிக்கை செய்வார்கள். பிறகு அவர்களைவிட ஆள்பலமும் பணபலமும் உள்ள வேறொரு கோத்திரம் கிடைத்தால், பழைய உடன்படிக்கையை முறித்துவிட்டுப் புதியவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அதைத்தான் அல்லாஹ் தடுத்தான்.

இப்போது சொல்லுங்கள், இது நம் காலத்து விஷயமா இல்லையா? சிறிய கம்பெனியோடு ஒப்பந்தம். அதைவிடப் பெரிய கம்பெனி கூப்பிட்டதும் பழையதை உதறுவது. கோத்திரத்தின் இடத்தில் கம்பெனி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வசனத்தின் தொடர்ச்சியில், இதன் மூலம் அல்லாஹ் உங்களைச் சோதிக்கிறான் என்றும் வருகிறது. கையெழுத்துக்குப் பிறகு வருகிற கூடுதல் சம்பளம் உங்கள் வாக்குக்கு வைக்கப்படுகிற ஒரு பரீட்சை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளங்க வைக்க வாழைத்தோப்பு போதும். வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, தார் இவ்வளவு என்று விலை பேசி, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு மாதத்தில் விலை ஏறிவிடுகிறது. விவசாயி வேறு ஆளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டால் அந்த வியாபாரி என்ன சொல்வார்? அதே விலை இறங்கிவிட்டது என்று வையுங்கள். வியாபாரி தார் வெட்டவே வராமல் போனால், காய் மரத்திலேயே பழுத்து வீணாகும்போது விவசாயி என்ன சொல்வார்? இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: நம்பி மோசம் போனேன். விலை ஏறும், இறங்கும். ஏறி இறங்காத ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் மனிதன் முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிறான்.

ஒரு சந்தேகமும் பதிலும்

ஓரளவு மார்க்கம் படித்த சிலர் ஒரு ஹதீஸைக் கொண்டு வருவார்கள். ஒருவர் ஒரு விஷயத்தில் சத்தியம் செய்துவிட்டு, அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுத்துவிடட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே. அதுபோல நானும் சிறந்த வேலையைக் கண்டுவிட்டேன் என்பார்கள்.

இது தவறான விளக்கம். அந்த ஹதீஸ் உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான சத்தியத்தைப் பற்றியது. இன்ன உறவினர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கோபத்தில் சத்தியம் செய்துவிட்டீர்கள், போவதுதான் சிறந்தது, போய்விட்டுப் பரிகாரம் கொடுங்கள். அங்கே யாருடைய ஹக்கும் பாதிக்கப்படவில்லை. வேலை ஒப்பந்தத்தில் எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். உங்களை நம்பி அவர் மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அடியார்களின் ஹக்கை நாம் வீட்டில் நோன்பு வைத்துத் தீர்த்துவிட முடியாது. அந்த மனிதரிடமே போய்த்தான் தீர்க்க வேண்டும்.

மத்யனில் ஓர் ஒப்பந்தம்

குர்ஆனில் ஒரு வேலை ஒப்பந்தமே இருக்கிறது. எகிப்திலிருந்து உயிர் பிழைத்து வந்த மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு மரத்து நிழலில் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர்ப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், பகரமாக எட்டு ஆண்டுகள் தம்மிடம் வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அல்கஸஸ் அத்தியாயத்தில் 27, 28-ஆம் வசனங்களில் இதைப் பார்க்கலாம்.

சகோதரர்களே, எவ்வளவு சுத்தமான ஒப்பந்தம் பாருங்கள். காலம் தெளிவு. கூலி தெளிவு. கட்டாயம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்பதும் தெளிவு. முதலாளி தொழிலாளியை நசுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்கிறார். இரண்டு தவணையில் எதை முடித்தாலும் தம் மீது அத்துமீறல் கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பேசியதற்கு அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

மூஸா (அலை) அவர்கள் எட்டோடு நிறுத்தினார்களா, பத்து ஆண்டுகள் செய்தார்களா? இந்தக் கேள்வியை ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கொண்டு போனார்கள். இரண்டில் அதிகமானதையும் சிறந்ததையுமே நிறைவேற்றினார்கள், அல்லாஹ்வின் தூதர் சொன்னால் செய்வார் என்ற கருத்தில் பதில் வந்தது. இது புகாரியில் பதிவாகியிருக்கிறது. பத்து வருடம் ஆடு மேய்த்த பிறகுதான், குடும்பத்தோடு திரும்பும் வழியில், தூர் மலையருகே நுபுவ்வத் கிடைத்தது. ஒப்பந்தத்தை முடித்ததால் அவர்கள் வாழ்க்கையில் எந்த நல்ல வாய்ப்பும் தவறிப்போகவில்லை.

பத்ரில் இல்லாத இரண்டு பேர்

இன்னொரு சம்பவம். ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களின் தந்தையும் மதீனாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது குறைஷிகள் பிடித்துக்கொண்டார்கள். முஹம்மதுடன் சேர்ந்து எங்களை எதிர்த்துப் போரிட மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள். இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

எந்த நேரம் தெரியுமா? பத்ருப் போர் நேரம். நம் பக்கம் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரில் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தாலும் பெரிது. வாக்கு வாங்கியவர்களோ எதிரிகள். வாங்கிய விதமும் நிர்ப்பந்தம். ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் இருவரையும் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் காப்போம், அவர்களுக்கு எதிராக அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்பதே அவர்களின் நிலைப்பாடு. இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

எதிரிக்குக் கொடுத்த வாக்குக்கே இந்த மதிப்பு. வேலை தந்தவர் முஸ்லிமா இல்லையா, கம்பெனி பெரியதா சிறியதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

அப்படியானால் மாறவே கூடாதா?

இதுவரை கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் அடிமையா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இஸ்லாம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வாசல் இருக்கிறது. வாசல் வழியாக வெளியே போவது குற்றமல்ல. சுவர் ஏறிக் குதிப்பதுதான் குற்றம். எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இன்டர்வியூ மட்டும் முடிந்திருக்கிறது, அல்லது லெட்டர் வந்திருக்கிறது, நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் உங்கள் மீது எந்தக் கட்டுப்பாடும் இல்லை. யோசித்து, மஷ்வரா செய்து, பிறகு சொல்லுங்கள். சம்மதம் சொல்லிவிட்டால் வாக்கு உண்டாகிவிட்டது. காகிதத்தில் இருந்தாலும் வாய்வார்த்தையாக இருந்தாலும் அல்லாஹ்விடம் வாக்கு வாக்குதான்.

இரண்டாவது, ஒப்பந்தத்திலேயே வெளியேறும் வழி எழுதியிருக்கும். ஒரு மாத நோட்டீஸ், மூன்று மாத நோட்டீஸ், அல்லது அதற்குரிய சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று இருக்கும். முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளின்படி நடப்பவர்கள் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வந்திருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து, அந்த நாட்களில் ஒழுங்காக வேலை செய்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியேறினால் நீங்கள் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை, நிறைவேற்றுகிறீர்கள். நல்ல சம்பளத்துக்குப் போவது ஆகுமான ஆசைதான். ஆனால் நோட்டீஸ் நாட்களில் வேலையில் ஏமாற்றுவதும், கம்பெனியின் கணக்கையும் வாடிக்கையாளர் விவரத்தையும் எடுத்துப் போவதும் அமானத்தில் மோசடி.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் வழி இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். ஃபிக்ஹில் இதற்கு இகாலா என்று பெயர். இரண்டு பேரும் மனமொத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்வது. வருத்தப்பட்டு வந்து கேட்பவரை விடுவிக்கிறவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் ஹதீஸ் இருக்கிறது. கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை. விடுவிப்பவருக்கு நன்மை இருக்கிறது.

நான்காவது, உண்மையான உஸ்ரு, அதாவது காரணம். நம் ஹனஃபி மத்ஹபில் தக்க காரணம் இருந்தால் இஜாரா ஒப்பந்தத்தை முறிக்கலாம். நோய் வந்துவிட்டது, சொன்ன வேலை ஒன்று, செய்யச் சொல்வது வேறு, சம்பளம் வரவில்லை, ஹராமான வேலையைச் செய்யச் சொல்கிறார்கள் என்றால் அவை காரணங்கள். ஆனால் மனம் மாறிவிட்டது என்பது எல்லா இடத்திலும் காரணமாகிவிடாது. ஹிதாயாவில் ஓர் உதாரணம் வருகிறது. பயணத்துக்காக வாகனப் பிராணியை வாடகைக்குப் பேசியவர், பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தால் அது காரணம். ஆனால் பிராணியின் சொந்தக்காரர் எனக்குப் பயணம் போக மனமில்லை என்றால் அது காரணமல்ல. அவர் தம் ஆளை அனுப்பி வைக்கலாமே! அதுபோல, வாடகைக்குக் கொடுத்துவிட்ட பொருளுக்கு வெளியிலிருந்து ஒருவர் கூடுதல் வாடகை தருகிறேன் என்று வந்தார் என்பதற்காக மட்டும் பழைய ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்பதும் நம் ஃபிக்ஹின் சட்டம். உஸ்மானியர் ஆட்சியில் 19-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்ட நூலிலும் இது தனி விதியாகவே இடம்பெற்றிருக்கிறது.

அபூராஃபிஉ (ரலி) அவர்களின் சம்பவத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். குறைஷிகளின் தூதராக மதீனா வந்தார்கள். நபி (ஸல்) அவர்களைப் பார்த்ததும் உள்ளத்தில் இஸ்லாம் நுழைந்துவிட்டது. இனி நான் அவர்களிடம் திரும்பிப் போகமாட்டேன் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒப்பவில்லை. நான் உடன்படிக்கையை முறிப்பவனல்ல, தூதர்களைத் தடுத்து வைப்பவனுமல்ல. நீர் திரும்பிப் போம், இப்போது உள்ளத்தில் இருப்பது அப்போதும் இருந்தால் வாரும் என்ற கருத்தில் சொன்னார்கள். அவர்களும் போய், வந்த பணியை முடித்துவிட்டு, மீண்டும் வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். அபூதாவூதில் இது இருக்கிறது. இஸ்லாத்தைவிடச் சிறந்த ஓர் அழைப்பு உலகத்தில் உண்டா? அதற்கு வருவதற்கே பழைய பொறுப்பை ஒழுங்காக முடித்துவிட்டு வரச் சொன்ன மார்க்கம் இது.

நான் செய்த தவறு

உங்களுக்குச் சொல்கிற நான் இதில் தேறியவன் அல்ல. மதரஸாவில் ஸனது வாங்கிய புதிது. டெல்டாப் பக்கம் நாற்பது வீடு உள்ள ஒரு சின்ன மஹல்லாவில் ரமளானிலிருந்து இமாமாக வருகிறேன் என்று முத்தவல்லியின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன். ஐந்து நாள் இருக்கும்போது ஒரு நகரத்துப் பெரிய பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மடங்கு சம்பளம், தங்க அறை, சாப்பாடு. நான் அங்கே போய்விட்டேன். கிராமத்துக்கு, எனக்குக் காய்ச்சல் என்று ஒரு கூட்டாளியிடம் சொல்லி அனுப்பினேன். வாக்கை முறித்ததோடு பொய்யும் சொன்னேன். பேசினால் பொய், வாக்களித்தால் மாற்றம், நம்பினால் மோசடி என்று நயவஞ்சகனின் மூன்று அடையாளங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுக்கிற ஆள், ஒரே நாளில் இரண்டைச் செய்துவிட்டேன்.

பெருநாள் முடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த நேரத்தில் வேறு ஆலிம் யாரும் கிடைக்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். முத்தவல்லியே முன்னால் நின்று, தமக்குத் தெரிந்த சின்னச் சின்ன சூராக்களை வைத்து முப்பது நாளும் தராவீஹ் தொழ வைத்திருக்கிறார்.

மனசாட்சி உறுத்தி, ஒரு நாள் பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: "அங்க கூடக் குடுக்குறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊர்ல வசூல் பண்ணியாவது பாத்திருப்போம். இல்லன்னா சந்தோசமா போயிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்போம் ஹஜ்ரத். காய்ச்சல்னு சொன்னீங்களே, அதான். உங்களுக்காக துஆ வேற செஞ்சோம்."

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சம்பளம் எதற்குச் செலவானது என்று எனக்கு நினைவில்லை. அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஹலாலாக விடுதலை கிடைத்திருக்கும். அதைத்தான் நான் சுவர் ஏறிக் குதித்து ஹராமாக்கிக்கொண்டேன்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. விஜயா வங்கி சம்பந்தப்பட்ட வழக்கு. இந்த வங்கி 2019-ல் பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. ஓர் அதிகாரி 2007-ல் முதுநிலை மேலாளர் பதவியில் சேரும்போது, மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார். 2009-ல் இன்னொரு வங்கியில் சேர்வதற்காக ராஜினாமா செய்தார். ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டினார், பிறகு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி பகிரங்கமாக விளம்பரம் செய்து, செலவு செய்து ஆள் எடுக்கிறது. பாதியில் போனால் மறுபடி அத்தனையும் செய்ய வேண்டும். மேலாளர் நிலைச் சம்பளம் வாங்குபவருக்கு அந்தத் தொகை விலகவே முடியாத அளவு பெரியதல்ல என்று காரணம் சொன்னது.

இதை ஊன்றிக் கவனியுங்கள். அந்த அதிகாரியைக் கட்டிப்போட்டு வேலை வாங்கச் சட்டம் சொல்லவில்லை. அவர் போகலாம், ஆனால் எழுதிக் கொடுத்த ஈட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதே நேரத்தில், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்த உச்சவரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது. எனவே பயமுறுத்துவதற்காக எழுதப்பட்ட தொகைகளைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம். உண்மையான இழப்பை ஏமாற்றவும் வேண்டாம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டத்தின்படி, சோதனைக் காலத்திலேயே அந்நாட்டின் வேறு கம்பெனிக்கு மாறுகிறவர் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களை வரவழைத்த செலவைப் பழைய முதலாளிக்குப் புதிய முதலாளி ஈடு செய்ய வேண்டும். வாசல் அங்கேயும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொல்லாமல் ஓடிப்போனால், தலைமறைவு என்று புகார் பதிவாகி, பிறகு ஊருக்கு வருவதற்கே வழி தெரியாமல் தவிக்க நேரிடும்.

வேலை கொடுப்பவர்களுக்கு

நம் ஜமாஅத்தில் கடை வைத்திருப்பவர்களும் தொழில் செய்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. புகாரியில் ஒரு ஹதீஸ் குத்ஸீ. மறுமையில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்கிறான் அல்லாஹ். என் பெயரால் வாக்குக் கொடுத்து மோசடி செய்தவன்; சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைச் சாப்பிட்டவன்; கூலிக்கு ஆள் வைத்து, வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். வாக்கை முறித்தவனையும் கூலியைப் பிடித்து வைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறான்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நின்றுவிட்டால் தரமாட்டேன் என்பது அநியாயம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது அநியாயம். கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் அலைய விடுவது அநியாயம். லெட்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வேலையில் சேர்க்காமல் பிள்ளைகளைக் காக்க வைப்பதும் வாக்கு மீறல்தான். தொழிலாளி கேட்க வந்தால் இகாலாவின் நன்மையை நினைத்து முகமலர்ச்சியோடு விடுங்கள்.

இன்னொன்று. ஒருவர் வியாபாரம் பேசி முடித்த பிறகு, அதன் மீது இன்னொருவர் குறுக்கிட்டு வியாபாரம் பேசக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் ஆளை, "அவரிடம் சொல்லாமல் நாளைக்கே இங்கே வந்துவிடு, கூட ஐயாயிரம் தருகிறேன்" என்று இழுப்பதும் இதே வகைதான். முறைப்படி வெளியே வந்தவரை எடுங்கள். உங்களிடம் சொல்லாமல் ஓடி வந்தவர், நாளை உங்களிடமும் சொல்லாமல்தான் ஓடுவார்.

இஸ்திகாராவும் ரிஸ்க்கும்

சிலர் இஸ்திகாரா தொழுதேன், போகச் சொல்லித்தான் மனம் சாய்கிறது என்பார்கள். இஸ்திகாரா ஆகுமான இரண்டு காரியங்களில் எது நலம் என்று அல்லாஹ்விடம் கேட்பதற்கு. வாக்கை முறிக்கலாமா என்று கேட்பதற்கு அல்ல. கையெழுத்துக்கு முன்னால் இஸ்திகாரா செய்யுங்கள். கையெழுத்துக்குப் பின்னால், எப்படி ஒழுங்காக வெளியேறுவது என்பதற்கு துஆ செய்யுங்கள்.

எந்த ஆத்மாவும் தன் ரிஸ்க்கை முழுமையாகப் பெறாமல் மரணிக்காது, எனவே தேடுவதில் அழகிய முறையைக் கடைப்பிடியுங்கள் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஹதீஸ் இருக்கிறது. உங்களுக்கென்று எழுதப்பட்டது சென்னையில் இருந்தாலும் ஷார்ஜாவில் இருந்தாலும் வந்து சேரும். அது எழுதப்பட்டுவிட்டது. நம் கையில் இருப்பது, அதை எந்த வழியில் போய் எடுக்கிறோம் என்பது மட்டும்தான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொல்லும்போது முதல் கேள்வியாகச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டாயா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தால் பிள்ளை தவறு செய்யமாட்டான்.

அந்தத் தம்பி

நம் தம்பி அன்றே கம்பெனிக்குப் போன் செய்தார். நேரில் வரச் சொன்னார்கள். போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த மேனேஜர் கொஞ்சம் கோபப்பட்டிருக்கிறார். பிறகு, "இத்தனை நாள்ல வந்து நேரா சொன்ன முதல் ஆள் நீதான்" என்றாராம். ஒரு வேலை ஆரம்பித்துவிட்டது. சொன்ன தேதியில் சேர்ந்து, வேறு ஆள் எடுக்கும் வரை ஒரு மாதம் வேலை பார்த்துக் கொடு, பிறகு நாங்களே விடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார். சென்னைக் கம்பெனிக்கு, ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். இன்று காலை வரை பதில் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இப்போது போன் அடித்தால் அவர் பயமில்லாமல் எடுக்கிறார். அவருக்காக நீங்கள் எல்லோரும் துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாக்குகளில் எங்களை உண்மையாளர்களாக ஆக்குவாயாக! நாங்கள் நூற்ற நூலை எங்கள் கையாலேயே பிரித்துவிடாமல் எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான, பரக்கத்தான ரிஸ்க்கைத் தருவாயாக! வேலை செய்பவர்களுக்கு அமானத்தையும், வேலை கொடுப்பவர்களுக்கு இரக்கத்தையும் தருவாயாக! நாங்கள் யாருக்காவது வாக்கு மாறியிருந்தால், அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்கும் துணிவைத் தருவாயாக!

ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.